நடுப்பகல் கறண்ட்

ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ யாராவது மின்சாரக் கார் வாங்கினால், சொந்தபந்தம் வந்து பார்க்கும் முன்னமே எனக்கு அழைப்பு வந்துவிடும். வீட்டு வயரிங் என் தொழில். "தம்பி, கார் இறங்கிட்டு. இதுக்கு ஒரு பிளக் பொயின்ற் அடிச்சுத் தாங்க" என்பார்கள். வீட்டுக்காரர் கார்க் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய திரையைக் காட்டுவார். பார்த்துவிட்டு நான் மீற்றர்ப் பெட்டிக்கும் மெயின் சுவிட்சுக்கும் எர்த் கம்பிக்கும் போய்விடுவேன். அந்தக் கார் நாளைக்கு ஓடுமா என்பதைச் சொல்வது அந்த மூன்றும்தான்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசு 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. அதன் பிறகு கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வீதிகளில் சீனத்து மின்சாரக் கார்கள் கண்ணில் படுகின்றன. அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த மின்சாரக் கார் நிசான் லீஃப் ஒன்றுதான். 2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்தபோது, ஜப்பானில் ஓடிய லீஃப் கார்கள் நாட்டுக்குள் நிறைய வந்தன. அவற்றின் பற்றரி 24 யூனிற் கொள்ளும். அதாவது எங்கள் மின்பட்டியலில் வரும் அதே யூனிற். பற்றரியைக் குளிர வைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. எங்கள் கரையோர வெக்கையில் வருடா வருடம் தேய்ந்து, பழைய லீஃப் ஒன்று இன்றைக்கு முழுதாக ஏற்றியும் 70 கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். ஆஸ்பத்திரிக்கென்று போனால் அங்கே எங்காவது ஏற்றினால்தான் வீடு திரும்பலாம்.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், 2022 என்பதுதான் பதில். அந்த ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தவருக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் நிறுத்திய வாகனத்துக்குள்ளேயே ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். ஜூலையில் எண்ணெயைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் மறக்கக் கூடாது. பெற்றோல் கார் நின்ற ஊரில் மின்சாரக் காரும் நின்றது. எண்ணெய் வரிசைக்குப் பயந்து மின்சாரத்துக்கு மாறுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசை நாளைக்கு சார்ஜிங் மெசினுக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது என்றால், கறண்டை எங்கே ஏற்றுவது, எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதை ஊராக இருந்து இப்போதே யோசிக்க வேண்டும்.

காரோடு வரும் கேபிளின் நடுவே ஒரு பெட்டி இருக்கும். பலர் அதைத்தான் சார்ஜர் என்கிறார்கள். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது, வீட்டு ஏ.சி. கறண்டை பற்றரிக்கு வேண்டிய டி.சி. ஆக மாற்றுவது அதுதான். கேபிளில் உள்ள பெட்டி காரோடு பேசி எவ்வளவு இழுக்கலாம் என்று சொல்கிறது, எர்த் சரியா என்று பார்க்கிறது, சரியில்லை என்றால் கறண்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

கோளாவிலில் ஓர் ஆசிரியர் வீட்டில் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. "கார்லதான் பழுதோ தம்பி? புதுசாச்சே" என்று சேர் கலங்கிப் போயிருந்தார். நான் எர்த் கம்பியைத் தேடிப் போனேன். வீட்டின் முன்பக்கம், வரண்ட மணலில் ஒரு சின்னக் குழாய் அடித்திருந்தது. அது ஆவணி மாதம். எங்கள் பக்கத்துப் பெருமழை கார்த்திகை, மார்கழியில்தான். ஆவணியில் மேல்மணலைக் கையில் அள்ளினால் விரலிடுக்கால் வழிந்துவிடும். ஈரமில்லாத மணல் கசியும் கறண்டை நிலத்துக்கு இறங்க விடாது. அந்த வீட்டின் பிரிஜ், பேன், பம்ப் எல்லாம் இத்தனை வருடம் அந்த எர்த்தை நம்பித்தான் ஓடின. அவை ஒன்றும் சோதித்துப் பார்ப்பதில்லை. கார் சோதித்துப் பார்த்தது. கிணற்றடிப் பக்கம், குளித்த தண்ணீர் ஊறும் இடத்தில், இன்னொரு செப்புக் கம்பியை ஆளுயரத்துக்குமேல் இறக்கிப் பழையதோடு சேர்த்துக் கட்டினேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அன்றிலிருந்துதான் பயமில்லாமல் பிரிஜைத் தொடலாம். மின்சாரக் கார் வந்ததால் எங்கள் ஊருக்குக் கிடைக்கும் முதல் நன்மை இது என்றே சொல்வேன்: பல வருடமாக யாரும் கவனிக்காத எர்த்தைக் கவனிக்க வைக்கிறது.

பிளக்கும் கவனிக்க வேண்டியது. இன்னொரு வீட்டில் சார்ஜ் போடும் பொயின்றைக் கழற்றினேன். லைவ் பின் போகும் துவாரத்தைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் மண்ணிறமாகியிருந்தது. உள்ளே திருகாணியடியில் வயரின் உறை கருகி, தொட்டதும் நொறுங்கியது. 13 அம்பியர் சதுரப் பின் பிளக் கேத்தலுக்குப் போதும். கேத்தல் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் விடிய விடிய இழுக்கும். ஆகவே மெயினிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச். பிளக் பொயின்றுக்கு வழக்கமாகப் போடும் 7/0.67 வயரை விட்டுவிட்டு 7/1.04 வயர் இழுக்க வேண்டும். செலவு கூடத்தான். வீடு எரிந்தால் வரும் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

10 அம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாற்று. எட்டு மணித்தியாலத்தில் 18 யூனிற் ஏறும். சாதாரண மின்சாரக் கார் ஒரு யூனிற்றில் ஆறு ஏழு கிலோமீற்றர் ஓடும் என்பதால் அது 100 கிலோமீற்றருக்குமேல் போதும். இங்கிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வர 50 கிலோமீற்றர் அளவுதான். ஆக, நம்மில் அநேகருக்கு மெதுவான சார்ஜே போதும். இதை விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை; 7 கிலோவாற்று சுவர்ச் சார்ஜர் ஒன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். நமது வீடுகளுக்கு மின்சார சபை தரும் வழக்கமான இணைப்பு 30 அம்பியர். 7 கிலோவாற்றுக்கு அந்த 30 அம்பியரும் போய்விடும். சமையலறையில் ரைஸ் குக்கரைப் போட்டால் மெயின் விழும்.

வீட்டுக்கு வெளியே, ஒழுங்கை மூலையில் தூணில் இருக்கும் ட்ரான்ஸ்போமரை ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். 33,000 வோல்ற்றை 400 வோல்ற்றாக இறக்கி அந்தச் சுற்றுவட்டார வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அது. அதில் 100 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால் அது தாங்கும் சுமை அவ்வளவுதான். மாலையில் ஒரு நடுத்தர வீடு சராசரியாக இழுப்பது ஒரு கிலோவாற்றுக்கும் குறைவு. ஒரு 7 கிலோவாற்று சார்ஜர் ஏழெட்டு வீட்டுச் சுமை. மாலை 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்க விளக்கும் ரீவியும் எரியும் நேரம். ஒழுங்கைக் கடைசி வீட்டில் மீற்றர் வைத்துப் பார்த்தால் 230 வரவேண்டிய இடத்தில் 200 காட்டும், சில நாளில் அதற்கும் கீழே. கிணற்றுப் பம்ப் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் நாலு பேர் வேலையால் வந்து காரைச் செருகினால் பாதிக்கப்படுவது காரே இல்லாத வீடுகள்.

வேகமான டி.சி. சார்ஜர் வேறு வகை. ஏ.சி.யை டி.சி. ஆக மாற்றும் வேலையைக் காருக்கு வெளியே, வீதியோரத்தில் நிற்கும் பெரிய மெசினே செய்து, நேரே பற்றரிக்குள் அனுப்புகிறது. 60 கிலோவாற்று மெசின் என்றால் அரை மணியில் 200 கிலோமீற்றர் அளவு ஓட்டம் ஏறலாம். ஆனால் அது 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்போமரில் பாதிக்குமேல் தின்றுவிடும். தனி ட்ரான்ஸ்போமர் இல்லாமல் வைக்கவே முடியாது. தலைப்புகளும் ஒன்றல்ல. லீஃப் காருக்கு ஜப்பானின் சாடெமோ, ஐரோப்பிய முறைக் காருக்கு சி.சி.எஸ். 2, சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காருக்கு ஜி.பி.டி. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கொழும்பிலிருந்து வரும் வழியில், தனியார் இடமொன்றில் இருந்த மெசினை நம்பிப் போய் நின்றது. மெசின் இருந்தது, உயிர் இல்லை. பிள்ளைகளோடு உணவகம் ஒன்றில் இருந்து, அங்கிருந்த கேத்தல் பிளக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்குமேல். சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று ஏ4 பாதை நெடுக வேகமான சார்ஜர் வேண்டும். ஒன்று பழுதுபட்டால் மற்றது ஓட, ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு மெசின் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கறண்ட் கம்பி மெலிந்த ஊரில் இதை எப்படிச் செய்வது? நோர்வே நாட்டில் 2015இல் இந்தக் கேள்வி ஒரு கப்பலுக்காக வந்தது. ஆம்பியர் என்ற அந்தக் கார்ப் படகு, லாவிக் என்ற கரையிலிருந்து ஒப்பெடல் என்ற கரைக்கு ஆறு கிலோமீற்றர் அளவு தூரத்தை 20 நிமிடத்தில் கடக்கிறது. 120 கார் கொள்ளும், முழுக்கப் பற்றரியில் ஓடும். ஒவ்வொரு கரையிலும் ஏறி இறங்கும் பத்து நிமிடத்துக்குள் சார்ஜ் ஏற வேண்டும். இரண்டும் சின்னக் கிராமங்கள். அந்தப் பத்து நிமிட இழுவையை ஊர்க் கம்பி தாங்காது. அதனால் ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு பெரிய பற்றரியை நிலத்தில் வைத்தார்கள். நம் வீட்டில் சின்ன மோட்டர் நேரமெடுத்துத் தண்ணீர்த் தாங்கியை நிரப்பி வைக்க, தேவைப்படும்போது குழாயைத் திறந்து வாளியை உடனே நிரப்புவதைப் போல, அந்தக் கரைப் பற்றரி ஊர்க் கம்பியிலிருந்து மெதுவாக நிரம்பிக்கொண்டிருக்கும். கப்பல் வந்ததும் மொத்தமாகக் கொட்டிக் கொடுக்கும். அவுஸ்திரேலியாவில் 2025இல் நீரில் இறக்கிய சைனா சொரில்லா என்ற 130 மீற்றர்க் கப்பலில் 40,000 யூனிற் பற்றரி இருக்கிறது. அந்த அளவுக்கு நாம் போகத் தேவையில்லை. லாவிக் கிராமத்தின் வழி எங்கள் ஏ4 பாதைக்கும் பொருந்தும்.

இவ்வளவு சொல்லி வந்தது நேரத்தைப் பற்றிப் பேசத்தான். இத்தனை காலம் நமக்குச் சொல்லித் தந்த பாடம், இரவு 10.30க்குப் பிறகு சார்ஜ் போடுங்கள் என்பது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை இரவில் நிறுத்தி வைக்க முடியாது, ஊர் தூங்கிவிடும், ஆகவே கறண்ட் மலிவு. அந்தக் கணக்கு இன்று முழுதாகச் செல்லாது. 2016இல் அரசு கூரைச் சூரியசக்தித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு நாடு முழுக்க வீடுகளும் கடைகளும் அரிசி ஆலைகளும் பனல் பூட்டிக்கொண்டன. நானே பூட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நடுப்பகலில் கறண்ட் மிஞ்சுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் இல்லை, தொழிற்சாலை இல்லை, நல்ல வெயில். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாக அமைச்சர் சொன்ன அந்தக் கோளாறில் நாடே இருண்டது. சூரியசக்தி கூடி, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைந்திருந்ததால் கட்டமைப்பு அந்த அடியைத் தாங்கவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைப் பனல்களை நிறுத்தி வையுங்கள் என்று சபையே கேட்டுக்கொண்டது.

கடன் வாங்கிப் பூட்டிய பனலை, வெயில் கொளுத்தும் நேரத்தில், நிறுத்து என்றால் எப்படி இருக்கும்? பனங்காட்டில் ஒரு அம்மா கேட்டார்: "வெயிலைச் சும்மா வெயிலாவே விடச் சொல்றாங்களா மனே?" அவருக்கு நான் சொல்ல விரும்பிய பதில்தான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. மிஞ்சும் அந்த நடுப்பகல் கறண்டைக் குடிக்க எங்கள் ஊரில் பற்றரிகள் நிற்கின்றன, ஆனால் அவை நிற்கும் இடத்தில் பிளக் இல்லை.

பகல் 8 மணி முதல் 4 மணி வரை கார்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஆலையடிவேம்பு பிரதேச செயலக வளவில், பாடசாலை வேம்பு நிழலில், அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், வங்கிகளுக்குப் பின்னால், ஒலுவிலில் பல்கலைக்கழகத் தரிப்பிடத்தில். ஏழு எட்டு மணித்தியாலம் சும்மா நிற்கும் காருக்கு வேகமான மெசின் எதற்கு? 10 அல்லது 16 அம்பியர் பொயின்ற் ஒன்று, சரியான எர்த், தண்ணீர் படாத மூடி, யார் எவ்வளவு எடுத்தார் என்று காட்டும் சின்ன மீற்றர். ஒரு டி.சி. மெசினும் அதற்கான ட்ரான்ஸ்போமரும் வாங்கும் காசில் இப்படி நூற்றுக்குமேல் பொயின்ற் அடிக்கலாம் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். அந்தத் தரிப்பிடத்துக்குப் பனலால் கூரை போட்டால் காருக்கு நிழலும் ஆகும். பகல் கறண்ட் தூணுக்கே போகாமல் அங்கேயே காருக்குள் இறங்கும். பள்ளிவாசல் வளவுகளும் கோவில் வளவுகளும் கூட இதற்கு ஏற்றவை. அக்கரைப்பற்றில் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் தன் கடைக்குப் பின்னால் இரண்டு பொயின்ற் அடிக்கக் கேட்டிருக்கிறார்: "சாமான் வாங்க வாறவங்க சும்மா நிக்கிற நேரம் ஏத்திட்டுப் போகட்டும், யூனிற் காசை மட்டும் தந்தாப் போதும்." மின்சாரச் சட்டப்படி அவர் அப்படி விற்கலாமா, எந்தக் கட்டணத்தில் விற்கலாம் என்பதை இலகுவாக்கிக் கொடுத்தால் எங்கள் ஊரில் பாதி வேலை தானாக நடக்கும்.

காரை விட எனக்கு ஆசை கூடியது வள்ளத்தில். எங்கள் கரையில் கார் வைத்திருப்பவர் சிலர். கடலை நம்பியிருப்பவர் பலர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவானது. பைபர் வள்ளத்தின் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று கடற்கரைக்குப் போய்க் கேட்க வேண்டும். சின்னமுகத்துவாரத்தில் ஒரு பெரியவர் என்னிடம், "வாற காசுல பாதி எண்ணெய்க்கே போகுது மனே. காருக்கு ஏத்துற கறண்டை எங்கட எஞ்சினுக்கு ஏத்த ஏலாதா?" என்று கேட்டார்.

ஏலும், ஓரளவுக்கு. 20 லீற்றர் மண்ணெண்ணெயில் 190 யூனிற் அளவு வெப்பம் இருக்கிறது. வெளியிணை எஞ்சின் அதில் ஐந்தில் ஒன்றைக்கூட விசிறிக்குக் கொடுப்பதில்லை. மிச்சம் புகையாகவும் சூடாகவும் போகிறது. ஆக, வள்ளத்துக்கு உண்மையில் போய்ச் சேர்வது 35 யூனிற் அளவு. மின்மோட்டர் வீணாக்குவது மிகக் குறைவு என்பதால் 40 யூனிற் பற்றரி அதே வேலையைச் செய்யும். அந்தப் பற்றரியின் பாரம் 250 முதல் 300 கிலோ. அலை அடிக்கும் கரையில் வள்ளத்தை மணலுக்கு இழுத்துப் போடுகிறவர்களுக்கு அது பெரிய பாரம். பல நாள் ஆழ்கடலில் நிற்கும் பெரிய படகுகளுக்கு இன்றைய பற்றரி சரிவராது. அதை நேராகச் சொல்லிவிட வேண்டும். அவை துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது விளக்குக்கும் பம்புக்கும் எஞ்சினை ஓட விடாமல் கரையிலிருந்து கறண்ட் கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் பெரிய துறைமுகங்களில் நிற்கும் கொள்கலன் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

வேகம் குறைந்த, தூரம் குறைந்த ஓட்டத்தில் பற்றரி வென்றுவிட்டது. தண்ணீரைக் கிழித்துப் போகும் ஓடத்துக்கு வேகத்தை இரட்டித்தால் ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும்; வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு போதும். கேரளத்தின் வைக்கத்தில் 2017 ஜனவரியிலிருந்து ஆதித்யா என்ற படகு 75 பேரை ஏற்றி வேம்பநாட்டுக் காயலைக் கடக்கிறது. கூரையில் 20 கிலோவாற்றுப் பனல், கீழே 50 யூனிற் பற்றரி. போகப் போகவே ஏறிக்கொள்ளும், மிச்சத்தை இரவில் கரையில் ஏற்றுவார்கள். கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகள், ஆட்கள் ஏறி இறங்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் துறையிலேயே சார்ஜ் எடுக்கின்றன. எங்கள் பெரிய களப்பிலும் கரைக்குக் கிட்டத் தொழில் செய்யும் வள்ளங்களிலும் தொடங்குவதற்கு இந்த அளவு போதும்.

வள்ளத்துக்கும் நடுப்பகலுக்கும் இன்னொரு பொருத்தம் இருக்கிறது. பின்னேரம் வலை கொண்டு போகிறவர்கள் விடியத் திரும்புகிறார்கள், விடியப்புறம் போகிறவர்கள் பத்து மணிக்குள் கரைக்கு வருகிறார்கள். நாட்டில் கறண்ட் மிஞ்சிக் கிடக்கும் அந்த 11 மணி முதல் 2 மணி வரை வள்ளங்கள் மணலில் வரிசையாகக் கிடக்கின்றன.

ஆனால் மணலில் பிளக் வைக்க முடியாது. உப்புக்காற்று ஒரு மாரிக்குள் செப்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்; ஈரக் காலோடு நிற்கிறவர் கையில் 230 வோல்ற் கேபிளைக் கொடுக்கவும் நான் உடன்பட மாட்டேன். பற்றரியை இரண்டு பேர் தூக்கக்கூடிய பெட்டிகளாகப் பிரித்து, வள்ளத்திலிருந்து கழற்றி, கரையில் ஒரு கொட்டிலுக்குள் வைத்து ஏற்ற வேண்டும். கொட்டிலுக்கு மேலே பனல், உள்ளே நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க ஓர் இடம், கதவுக்குப் பூட்டு, பொறுப்புக்கு மீனவர் சங்கம். ஒரு பெட்டி ஏறிக்கொண்டிருக்க மற்றது கடலுக்குப் போகலாம்.

இதற்கு இடமும் இருக்கிறது. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகம், கப்பல் வரும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. வாய் மணலால் அடைபட, வடக்குக் கரையைக் கடல் தின்ன, அந்த நம்பிக்கை போய்விட்டது. தென்னந்தோப்பை இழந்த ஒலுவில் மக்களின் வேதனையை நான் கண்ணால் கண்டவன். ஆனாலும் உள்ளே அலையில்லாத நீர், கொங்கிரீட் மேடை, கறண்ட் கம்பி, வாகனம் போகும் பாதை எல்லாம் கிடக்கின்றன. பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். மேடையில் ஒரு கொட்டில், துறைக்குள் ஒன்றிரண்டு வள்ளம், ஒவ்வொரு நாளும் எத்தனை யூனிற் ஏறியது, எவ்வளவு தூரம் போனது, எந்தத் தலைப்பு எத்தனை மாதத்தில் துருப்பிடித்தது என்று எழுதி வைக்க மாணவர்கள். சின்னமுகத்துவாரத்துப் பெரியவர் கடைசியாகக் கேட்டது எஞ்சினின் விலையைப் பற்றி இல்லை. "இது நடுக்கடல்ல நிண்டா ஆர் திருத்துவான்?" என்றுதான் கேட்டார். அதற்கு ஆள் பழக்கும் வேலையும் அந்தக் கொட்டிலிலேயே தொடங்க வேண்டும். வயரிங் பக்கத்தைச் சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன்.